கையெழுத்து வாங்கிவிட்டால் படகுக்காரரின் பொறுப்பு தீருமா?

கேள்வி: பழைய படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். விடுமுறை நாட்களில் நண்பர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கரையோரமாக அழைத்துப் போகிறேன். பணம் வாங்குவதில்லை. பாதுகாப்புப் பயிற்சி எதுவும் எடுத்ததில்லை. 'என்ன நடந்தாலும் நானே பொறுப்பு' என்று வருகிறவர்களிடம் எழுதி வாங்கிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. அந்தக் காகிதத்தை நம்பிக் கடலில் இறங்காதீர்கள்.

கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டின் சர்வதேச விதிகள் பெரிய கப்பலுக்கு மட்டுமல்ல, உங்கள் படகுக்கும் பொருந்தும். கடலோடிகள் வழக்கமாக எடுக்கும் முன்னெச்சரிக்கையை எடுக்கத் தவறினால், இந்த விதிகளைக் காட்டி உரிமையாளரோ படகை நடத்துபவரோ தப்ப முடியாது என்கிறது அதன் 2-வது விதி. பணம் வாங்காததால் அந்தக் கடமை போய்விடாது. கவனக்குறைவால் உயிர் போனால், பல நாடுகளில் அந்தக் கையெழுத்து நிற்காது. பிள்ளைகள் விஷயத்தில் அது இன்னும் பலவீனம்.

சரி, வழக்கு என்று வந்தால் எதைக் கேட்பார்கள்? லைஃப் ஜாக்கெட் இருந்ததா என்பதோடு நிற்க மாட்டார்கள். குழந்தையின் எடைக்கு ஏற்றதா, போட்டிருந்தார்களா, ஆபத்தைக் காட்ட எரிக்கும் ஃப்ளேர்கள் காலாவதியானவையா என்று போகும். அப்புறம் ஒரு கேள்வி வரும்: தண்ணீரில் விழுந்தது நீங்களே என்றால், படகில் இருந்தவர்களில் யாருக்கு எஞ்சினை நிறுத்தத் தெரியும்? வி.எச்.எஃப். ரேடியோவில் 16-வது சேனலில் 'மேடே' என்ற அபாய அழைப்பைச் சொல்ல யாருக்குத் தெரியும்? இதற்குப் பதில் இல்லாத படகு எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் பயிற்சி எடுங்கள். கிளம்பும் முன் வருகிறவர்களுக்கும் ஐந்து நிமிடம் காட்டுங்கள். பயிற்சிச் சான்றிதழ், கருவிகளைச் சரிபார்த்த தேதிகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். கவனமாக இருந்தீர்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

பழைய படகு என்பதால் இன்னொன்று. அதில் அவசர பீக்கன், அதாவது ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி, இருந்தால், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒலித்தால், மீட்பு மையம் பதிவில் உள்ள எண்ணுக்குத்தான் அழைக்கும். படகை விற்றவர் வீட்டில் உட்கார்ந்து 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்றால், உங்களைத் தேடுவது தாமதமாகலாம். 121.5 மெகாஹெர்ட்ஸில் மட்டும் இயங்கும் பழைய கருவியை 2009 பிப்ரவரி முதல் செயற்கைக்கோள்கள் கேட்பதே இல்லை, அதை மாற்றிவிடுங்கள். ரேடியோவில் பதிந்துள்ள 9 இலக்க அடையாள எண்ணும் பழைய உரிமையாளருடையதாக இருக்கலாம்.

காப்பீட்டுப் பத்திரத்தில் பயிற்சி பற்றியோ கருவிகள் பற்றியோ நிபந்தனை உண்டா என்றும் வாசியுங்கள். உங்கள் நாட்டில் ரேடியோ இயக்க உரிமம் தேவையா என்று துறைமுக அலுவலகத்தில் விசாரியுங்கள். பீக்கன், ரேடியோ பதிவுகளில் பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை மட்டும் அடுத்த பயணத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.