டிரக்ல சிபி ரேடியோவுக்கு எந்த ஆன்டெனா, எந்த கோஆக்ஸ்? ஆன்டெனாவ விட எர்த்து முக்கியம்ங்க

கேள்வி இதுதான்: ஃப்ரைட்லைனர் கேஸ்கேடியா டிரக் ஒண்ணு எடுத்திருக்கீங்க, டொரன்டோல இருந்து டெக்சாஸ் வரைக்கும் ஓட்டறீங்க, சிபி ரேடியோ (டிரக் ஓட்டறவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கற ரேடியோ) வாங்கியாச்சு, இப்ப ரெண்டு மிரர்லயும் ஆன்டெனா போடலாமா ஒண்ணு போதுமா, கோஆக்ஸ் கேபிள் (ரேடியோல இருந்து ஆன்டெனாவுக்குப் போறது) தடிமனா வாங்கணுமா, 18 அடிதான் இருக்கணும்ங்கறாங்களே நெஜமா?

நான் நாமக்கல்காரன், லாரிப் பட்டறை சத்தத்துலயே வளந்தவன், இங்க கனடா வந்து பதினோரு வருஷமா 401, 75, 80-னு ஹைவேக்கள்ல சுத்திட்டு இருக்கேன். இந்த விஷயத்துல நான் தண்டம் அழுத காசுக்கு ஒரு நல்ல ரேடியோவே எக்ஸ்ட்ராவா வாங்கியிருக்கலாம். அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

சுருக்கமா பதில் வேணும்னா: ஒரே ஆன்டெனா, நாலடி, மிரர் பிராக்கெட்ல. சாதாரண ஆர்ஜி-58 கேபிள் (மெலிசான கோஆக்ஸ்) போதும். மிச்சம் புடிச்ச காசுல ஒரு மல்டிமீட்டரும் ஒரு எஸ்டபிள்யூஆர் மீட்டரும் (அனுப்பற பவர்ல எவ்ளோ ஆன்டெனால இருந்து திரும்பி வருதுன்னு காட்டறது, 1 கிட்ட இருந்தா நல்லது) வாங்குங்க. ஏன்னு கீழ சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும். சிபி ஓடறது 27 மெகாஹெர்ட்ஸ்ல, 1-ஆம் சேனல் 26.965, 40-ஆம் சேனல் 27.405, நம்மாளுங்க பேசற 19 வந்து 27.185. இந்த அலையோட நீளம் சுமாரா 11 மீட்டர். அதுல கால்வாசி நீளத்துக்காவது ஆன்டெனா இருந்தாத்தான் முறைப்படி வேல செய்யும், அதாவது 9 அடி. டிரக் மிரர் மேல 9 அடி குச்சி நட்டா மொத பாலத்துலயே முறிஞ்சிடும், மொத்த உயரம் 13 அடி 6 இன்ச்ச தாண்டக்கூடாதே. அதனாலதான் நாலடி குச்சியில கம்பியச் சுத்தி சுத்தி, கரண்டுக்கு அது 9 அடி மாதிரி தெரியற மாதிரி பண்ணி விக்கறாங்க. ஃபயர்ஸ்டிக் மாதிரி ஃபைபர்கிளாஸ் குச்சி ஒரு வகை, வில்சன் மாதிரி அடியில காயிலும் மேல ஸ்டீல் கம்பியும் வெச்சது இன்னொரு வகை. ரெண்டுமே ஓட்டிப் பாத்துட்டேன், ஒழுங்கா மாட்டினா ரெண்டும் பேசும், ஒழுங்கா மாட்டலேன்னா ரெண்டும் பேசாது, அவ்ளோதான்.

இப்ப யாரும் சொல்லாத விஷயம். அந்தக் குச்சி பாதி ஆன்டெனாதான், மிச்ச பாதி உங்க வண்டியோட உலோக உடம்பு. கேபினும் சேசிஸும் சேந்துதான் அந்த இன்னொரு பாதி. பிராக்கெட்டுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவுல தொடர்பு, அதாவது எர்த்து, இல்லேன்னா ஒத்தக் கையில கைதட்டற கதைதான். இப்ப வர்ற வண்டிகள்ல மிரர் கையில பாதி பிளாஸ்டிக், அடியில ரப்பர் கேஸ்கெட், பிராக்கெட்ல பவுடர் கோட்டிங், எங்கயும் உலோகம் உலோகத்த தொடறதே இல்ல.

என் கதை இதுதான். மொத வண்டிக்கு 75-ல ஒரு டிரக் ஸ்டாப் கடையில ரெண்டு ஆன்டெனா, ரெண்டுக்கும் சேத்து ஒய் மாதிரி பிரியற கோஆக்ஸ் எல்லாம் மாட்டிக்கிட்டேன். பாக்க ஜம்முனு இருந்துச்சு. மைக்க புடிச்சா பக்கத்துல நிக்கற வண்டிக்காரன் மட்டும்தான் பதில் சொல்றான். எஸ்டபிள்யூஆர் 3-க்கு மேல. திரும்ப அதே கடைக்குப் போனா ஆன்டெனா சரியில்லன்னு சொல்லி இன்னும் வெல கூடின ரெண்ட தலையில கட்டிட்டாங்க. அப்பவும் 3-க்கு மேல. அப்படியே பேசிப் பேசி ரேடியோல கடைசியா பவர் தள்ற டிரான்சிஸ்டர் போயே போச்சு.

அப்புறம் ஒரு ஜனவரியில வயோமிங்ல ஐ-80 பனிக்காத்துல மூடிட்டாங்க, லாரமில ஒரு லாட்ல ராத்திரி பூரா மாட்டிக்கிட்டேன். பக்கத்துல டென்னசிக்காரப் பெரியவர் ஒருத்தர், வயசு எழுவது இருக்கும். என் புது ரேடியோவும் இரைச்சலாவே இருக்குன்னு பொலம்பினதும் கையில மீட்டரோட எறங்கி வந்துட்டாரு. ஒரு முள்ள பிராக்கெட்லயும் இன்னொண்ண கதவு கீல்லயும் வெச்சாரு. பீப் சத்தமே இல்ல, அதாவது ரெண்டுக்கும் நடுவுல தொடர்பே இல்ல. என்னப் பாத்து ஒரு சிரிப்பு. பிராக்கெட்ட கழட்டி, அது உக்கார்ற எடத்துல உப்புத்தாள் போட்டு வெள்ளையா பளபளன்னு தெரியற வரைக்கும் தேய்ச்சாரு, கை வெறைக்குது, நான் டார்ச்சு புடிச்சிட்டு நிக்கறேன். அப்புறம் பின்னல் மாதிரி இருக்கற தட்டையான செம்பு ஒயர் ஒரு துண்டு எடுத்து பிராக்கெட்ல இருந்து கதவுக்கு, கதவுல இருந்து கேபினுக்குன்னு ரெண்டு எடத்துல போல்ட் பண்ணாரு. ஏன் கதவுக்கும் தனியான்னு கேட்டேன், கீல்ல பெயிண்ட்டும் கிரீஸும்தான் இருக்கு, அத நம்பாதேன்னாரு. ரெண்டுல ஒரு ஆன்டெனாவையும் அந்த ஒய் கேபிளையும் கழட்டிப் போட்டுட்டு அவர் வண்டியில கெடந்த பழைய ஆர்ஜி-58 ஒண்ண மாட்டினாரு. மீட்டர் 1.6 காட்டுச்சு. காசு வேணாம்னுட்டாரு, ஒரு காப்பி மட்டும் வாங்கிக்கிட்டாரு.

அதனால உங்க வண்டியில மொத வேல: மல்டிமீட்டர பீப் மோட்ல வெச்சு பிராக்கெட்டுக்கும் சேசிஸுக்கும் நடுவுல பாருங்க, பீப் அடிக்கணும். அப்புறம் கேபிளோட ஒரு முனைய ரேடியோல இருந்து கழட்டிட்டு நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் நடுவுல பாருங்க, அங்க பீப் அடிக்கக்கூடாது. அடிச்சா பெரும்பாலும் ஆன்டெனா திருகற ஸ்டட்டுக்கு அடியில இருக்கற சின்ன வெள்ளை நைலான் வாஷர் காரணம். அது ஓட்டைக்குள்ள சரியா உக்காராம ஒரு பக்கமா ஏறி நின்னா நடு கம்பி பிராக்கெட்ட தொட்டுடும், கதை முடிஞ்சது. பத்து பைசா பெறாத வாஷர். (சில ஆன்டெனால, முக்கியமா அடியில காயில் வெச்ச மாடல்கள்ல, உள்ளயே எர்த்து பண்ணியிருப்பாங்க, அதுல பீப் அடிச்சாலும் தப்பில்ல. அதனால ஆன்டெனாவ கழட்டிட்டு செக் பண்றது உத்தமம்.)

காந்த மவுண்ட் வாங்கி கூரையில வெச்சிடலாமான்னு யோசிக்காதீங்க, கேஸ்கேடியா கேபின் அலுமினியம், காந்தம் ஒட்டவே ஒட்டாது. வால்வோல கேபின் ஸ்டீலு, ஆனா அதுலயும் மேல காத்த ஒதுக்க வெச்சிருக்கற மூடி (ஃபேரிங்) இரும்பு கெடையாது. சந்தேகம்னா ஃப்ரிட்ஜ்ல ஒட்டற காந்தம் ஒண்ண எடுத்துட்டு வண்டியச் சுத்தி வாங்க, ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

ரெண்டு ஆன்டெனா விஷயம். அழகுக்குன்னா போடுங்க, நான் தடுக்கல. நெஜமான லாபம் வரணும்னா ரெண்டுக்கும் நடுவுல அந்த 9 அடி கிட்ட எடைவெளி வேணும், அப்பதான் முன்னாடியும் பின்னாடியும் கொஞ்சம் கூடுதலா தள்ளும், ரோட்டோட போற திசையில. மிரர் டு மிரர் எட்டடி கிட்டதான் கெடைக்கும், லாபம் சொல்லிக்கற மாதிரி இருக்காது. ஆனா பாக்ஸ் டிரெய்லர் இழுக்கறீங்கன்னா ஒரு பக்கத்து ஆன்டெனாவ டிரெய்லர் கொஞ்சம் மறைக்கும், அதுக்கு ரெண்டு இருந்தா ஒதவும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். போட்டா ஒண்ணு ஞாபகம் வெச்சிக்கங்க, ரெண்டு ஆன்டெனாவுக்கு வர்ற கேபிள் 75 ஓம், ஆர்ஜி-59, நம்மூர்ல கேபிள் டிவிக்கு மொட்டை மாடி வழியா இழுப்பாங்களே அந்த ஜாதி. ஒத்த ஆன்டெனாவுக்கு 50 ஓம். அந்த ஒய் கேபிள்ல ஒரு காலக் கழட்டி விட்டுட்டு ஒத்த ஆன்டெனாவோட ஓட்டலாம்னு நெனச்சா மீட்டர் முள்ளு எகிறும், இந்த தப்ப நானும் பண்ணியிருக்கேன். கம்பெனிலயே ஒயரிங் போட்டு வந்த வண்டின்னா தலைக்கு மேல இருக்கற ஷெல்ஃபத் தொறந்து எந்த கேபிள் வந்திருக்குன்னு வெளித்தோல் மேல அச்சடிச்சத படிச்சிட்டு அப்புறம் ஆன்டெனா வாங்குங்க.

தடிமனான கேபிள் வேணுமான்னா, 18 அடி ஆர்ஜி-58-ல இந்த அலைவரிசைல போற நஷ்டம் அரை டெசிபெல்கூட இல்ல, எதிராளி காதுக்கு வித்தியாசமே தெரியாது. தடிமனான ஆர்ஜி-8எக்ஸ் நல்ல கேபிள்தான், ஆனா உள்ள ஃபோம். கதவிடுக்குல தெனமும் பத்து தடவ நசுங்கறப்ப ஃபோம் தட்டையாகி நடு கம்பி மெல்ல ஒரு பக்கமா நகந்துடும், ஒரு வருஷம் கழிச்சு ஏன்னே தெரியாம எஸ்டபிள்யூஆர் ஏறும். ஆர்ஜி-58-ல உள்ள கெட்டி பிளாஸ்டிக்கா இருக்கறத வாங்குங்க, நசுக்கலத் தாங்கும். கதவோட கீல் பக்கமா கொண்டு வாங்க, லாக் பக்கமா வேணாம்.

18 அடி கதை: 18 அடிங்கறது காத்துல அர அலை நீளம். கேபிளுக்குள்ள அலை மெதுவாத்தான் போகும், அதனால அதே அர அலை அங்க 12 அடி கிட்டதான் வரும். ஆக அந்தக் கணக்கே கேபிளுக்கு பொருந்தல. ஆன்டெனா ஒழுங்கா டியூன் ஆகி எர்த்து சரியா இருந்தா 9 அடியானாலும் 18 அடியானாலும் ஒண்ணுதான். நீளம் மாத்தினா மீட்டர் மாறுதுன்னா எர்த்துலதான் கோளாறு இருக்கு. கடையில 18 அடிதான் ஈசியா கெடைக்குது, வாங்கிக்கங்க, மிச்சத்த இறுக்கமா சுருட்டி கட்டாம பெரிய எட்டு மாதிரி தளர்வா மடிச்சு வைங்க.

டியூனிங். வண்டிய மத்த டிரக்கு, ஷெட்டு எதுவும் பக்கத்துல இல்லாத எடத்துல நிறுத்தி, கதவெல்லாம் சாத்திட்டு, 1, 19, 40 மூணு சேனல்லயும் பாருங்க. 1-ல அதிகமா காட்டினா ஆன்டெனா குட்டை, நீட்டணும். 40-ல அதிகம்னா நெட்டை, கொறைக்கணும். ஃபயர்ஸ்டிக் மாதிரின்னா நுனியில திருகு இருக்கும், வில்சன்னா ஆலன் கீ போட்டு கம்பிய மேல கீழ நகத்தலாம். சின்ன வயசுல தூர்தர்ஷன் ஆன்டெனாவ திருப்பிட்டு "தெரியுதா, தெரியுதா"ன்னு மாடில இருந்து கத்துவோமே, அதே வேலதான், கால் இன்ச் கால் இன்ச்சா. கம்பிய வெட்ட அவசரப்படாதீங்க, வெட்டினத ஒட்ட முடியாது. 1.5-க்குள்ள வந்தா போதும், அதுக்கு மேல மெனக்கெடாதீங்க, 1.5-ல திரும்பி வர்ற பவர் வெறும் 4 சதவீதம், 2-ல 11. 3-னா கால்வாசி திரும்பி வந்து ரேடியோவ சுடுது, அப்ப மைக்க அழுத்தவே அழுத்தாதீங்க. மூணு சேனல்லயும் 3-க்கு மேலன்னா நீளத்தத் தொடாதீங்க, எர்த்தையும் அந்த வாஷரையும் பாருங்க.

ஒன்டாரியோல குளிர்காலத்துல ரோட்டுல கொட்டற உப்பு எல்லா ஜாயின்ட்டையும் தின்னுடும், அதனால தேய்ச்ச எடத்துல கொஞ்சம் கிரீஸ் தடவி, கேபிள் கனெக்டர் மேல தன்னோட தானே ஒட்டிக்கற ரப்பர் டேப்ப சுத்துங்க. ஒவ்வொரு அக்டோபரும் ஒரு தடவ மீட்டர் போட்டுப் பாப்பேன்.

இப்பல்லாம் சிபில யாரு பேசறாங்கன்னு கேக்கறவங்களுக்கு: ஆளு கொறஞ்சதென்னமோ உண்மைதான். ஆனா முன்னாடி ரெண்டு மைல்ல வண்டி கவுந்து கெடக்குன்னு ஆப்ல வர்றதுக்கு முன்ன 19-ல வந்துடும். அலாஸ்கா டால்டன் ஹைவேல இன்னிக்கும் 19-லதான் ஒருத்தருக்கொருத்தர் வழி சொல்லிக்கறாங்க. சிபி தள்ற பவர் 4 வாட்தான், டிரக் டு டிரக் நாலஞ்சு மைல் கெடச்சா உங்க செட்டப் நல்லா இருக்குன்னு அர்த்தம்.

எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி அந்த ஷெல்ஃபுக்குள்ள என்ன கேபிள் இருக்கு, பிராக்கெட்ல பீப் அடிக்குதான்னு ரெண்டு மட்டும் பாத்துட்டு கீழ கமெண்ட்ல போடுங்க. நான் வியாழக்கிழமை வரைக்கும் லோட்ல இருப்பேன், வந்ததும் பதில் போடறேன்.