அடியும் வாக்குமூலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

காவல் விசாரணை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். அடித்துப் பெறும் வாக்குமூலத்தால் பயனில்லை என்கிறீர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டில் நகை திருடு போனது. பிடிபட்டவன் முதல் நாள் முழுக்க ஒன்றும் தெரியாது என்றே சாதித்தான். மறுநாள் 'கவனித்த' பிறகு புதைத்த இடத்தைக் காட்டினான்; நகை அத்தனையும் திரும்பி வந்தது. கைகட்டி நின்று கேட்டால் எந்தத் திருடன் உண்மையைச் சொல்வான்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உண்மை தெரிந்தவனை அடித்தால் சில சமயம் உண்மையும் வரும். அதை என் கட்டுரையில் சொல்லாமல் விட்டது பிழைதான். ஆனால் உங்கள் வழக்கில் அவன் சொன்னது மெய் என்று காட்டியது அடியல்ல, மண்ணுக்குள் இருந்த நகை. தோண்டிய இடத்தில் ஒன்றுமில்லாமல் போயிருந்தால் அவனை மீண்டும் அடித்திருப்பார்கள். அவனும் வேறொரு இடத்தைச் சொல்லியிருப்பான்.

இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டை வெகுகாலமாக அறிந்திருக்கிறது. வரி வசூலிலும் குற்ற விசாரணையிலும் சித்திரவதை வழக்கமாக இருந்ததைச் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட ஒரு விசாரணைக் குழு 1855ஆம் ஆண்டிலேயே பதிவு செய்தது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராக நிரூபிக்க முடியாது என்று 25ஆம் பிரிவில் விதித்துவிட்டு, அவன் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் அத்தகவலை ஏற்கலாம் என்று 27ஆம் பிரிவில் விலக்கு அளித்தது. 2023ஆம் ஆண்டின் புதிய சட்டத்தில் இவை 23ஆம் பிரிவுக்குள் வந்துவிட்டன. இந்த விலக்கே அடிப்பதற்கான தூண்டுதலாகவும், சில சமயம் பொருளைக் கொண்டுபோய் வைத்துவிட்டு 'கண்டெடுப்பதற்கான' வழியாகவும் ஆகிவிட்டது என்பது என் எண்ணம்.

கண்டெடுக்க ஒன்றும் மிச்சமில்லாத வழக்கில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. உடல் கிடைத்துவிட்டது, கிணற்றிலிருந்து கத்தியையும் எடுத்தாகிவிட்டது, இனி ஆள் ஒப்புக்கொள்வது மட்டுமே பாக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். "கத்தியை எங்கே போட்டாய்?" என்கிறார் அதிகாரி. பதில் இல்லை. "கிணற்றில்தானே?" அவன் தலையசைக்கிறான். பத்து மணி நேரம் கழித்து எழுதப்படும் வாக்குமூலத்தில் "நான் கத்தியைக் கிணற்றில் வீசிவிட்டுச் சென்றேன்" என்ற வரி அவன் சொற்களாகவே இடம்பெறுகிறது. கிணறு என்ற சொல் முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்பதை, ஒலிப்பதிவு இல்லாவிட்டால், பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. பல வேளைகளில் கேட்ட அதிகாரிக்கே அது நினைவில் இருப்பதில்லை. இதற்கு அடிகூடத் தேவையில்லை. தூக்கமின்மையும், 'ஒப்புக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்' என்ற ஒரு குறிப்பும் போதும்.

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் 1983இலும் 1986இலும் இரண்டு பதின்வயதுப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். கற்றல் குறைபாடு கொண்ட 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டு, முதலாவதை மறுத்தான். இரண்டும் அவன் செய்தவையே என்று நிரூபிப்பதற்காகக் காவல்துறை லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அலெக் ஜெஃப்ரீஸிடம் சென்றது. அவருடைய டிஎன்ஏ சோதனை, இரண்டையும் செய்தவன் ஒருவனே என்றும் அவன் இந்த இளைஞன் அல்ல என்றும் காட்டியது. உண்மைக் கொலைகாரன் 1987இல் கைதாகி, 1988இல் தண்டனை பெற்றான். அந்தச் சோதனை ஓரிரு ஆண்டு தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் அந்த ஒப்புதலே வழக்கை முடித்திருக்கும்.

'கைகட்டி நின்று' கேட்பது என்று நீங்கள் நினைப்பது வேறு. நல்ல விசாரணை வேறு. அது அடிப்பதைவிட அதிக உழைப்பைக் கோருவது. பொய்யான ஒப்புதல்களின் மேல் நின்ற சில பெரிய வழக்குகள் 1989இலும் 1991இலும் மேல்முறையீட்டில் சரிந்தபின் இங்கிலாந்தும் வேல்ஸும் கைக்கொண்ட முறையில், ஒப்புதல் பெறுவது இலக்கே அல்ல. அறைக்குள் நுழையும் முன்பே அதிகாரி ஆதாரங்களை அடுக்கிவைத்துக்கொள்கிறார். அன்றைய நாளை முழுவதுமாகச் சொல்லச் சொல்லி, குறுக்கிடாமல் கேட்கிறார். கையிலிருப்பதைக் கடைசியில்தான் காட்டுகிறார். இரவு முழுக்க வீட்டில் இருந்தேன் என்று ஒருவன் விரிவாகச் சொல்லி முடித்தபின் அவனுடைய கைபேசி வேறொரு கோபுரத்தின் எல்லையில் இருந்த பதிவை எடுத்து வைத்தால், அந்தப் பொய்யே அவனுக்கு எதிரான சான்றாகிவிடும். முதலிலேயே காட்டியிருந்தால் அதற்கேற்ற கதையைச் சொல்லியிருப்பான். செய்தவன் மட்டுமே அறியக்கூடிய ஏதேனும் ஒன்றை இறுதிவரை சொல்லாமல் வைத்திருப்பதும் இதன் பகுதி. எவன் உண்மையைச் சொல்வான் என்று கேட்கிறீர்கள். சொல்லாமலும் போகலாம், வழக்கு அவன் வாயை நம்பி நிற்காதபடி பார்த்துக்கொள்வதுதான் விசாரணை.

கடைசியாக ஒன்று கேட்க வேண்டும். திருடு போனதற்கும் இவன் பிடிபட்டதற்கும் இடையில் வேறு யாரையாவது நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்களா? உங்கள் வீட்டில் வேலை செய்தவர், கதவைப் பழுதுபார்க்க வந்தவர் போல யாரேனும்? அவர்களும் 'கவனிக்கப்பட்டார்களா'? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றுமில்லை. தெரிந்தால் எழுதுங்கள்.