வேதியியலில் எந்தப் பிரிவு? வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற வேதியியல் பேராசிரியை பதில்

கேள்வி: பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள பிரிவில் படித்தேன். வேதியியல்தான் பிடிக்கும், அதிலும் கரிம வேதியியல். கணிதம் என்றால் பயம். அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் கிடைக்கும் போலிருக்கிறது. ஒரு தனியார் கல்லூரியில் தொழில்துறை வேதியியலும் இன்னொன்றில் உயிர்வேதியியலும் தருகிறார்கள். "வெறும் கெமிஸ்ட்ரிக்கு மதிப்பில்லை, ஸ்பெஷலா ஏதாவது படி" என்கிறார் மாமா. எதை எடுக்கட்டும், மேடம்?
*– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட மாணவி, சிவகங்கை மாவட்டம்*

பதில்: அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலே எடும்மா. தயங்காதே.

மாமா உன்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் ஸ்பெஷல் பாடத்துக்கான காலம் பி.எஸ்சி. இல்லை. இந்த மூன்று வருடத்தில் ஆர்கானிக் (கரிமம்), இனார்கானிக் (கனிமம்), பிசிக்கல் (இயற்பியல் வேதியியல்) மூன்றிலும் உனக்குக் கால் ஊன்ற வேண்டும். எம்.எஸ்சி.யில் சில பல்கலைக்கழகங்கள் பிரிவு பிரித்துத் தருகின்றன. பல இடங்களில் அங்கேயும் பொது வேதியியல்தான். முழுசாக ஒரு பிரிவுக்குள் போவது பிஎச்.டி.யில். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதுகிற 'ஜாம்' தேர்வையே எடுத்துக்கொள். வேதியியல் தாள் 3 மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். மூன்று பகுதியிலிருந்தும் கேட்பார்கள், கொஞ்சம் கணிதமும் உண்டு. ஆர்கானிக்கை மட்டும் நம்பிப் போனால் கரையேற முடியாது.

இன்னொரு காரணம், பட்டத்தின் பெயர். ஆசிரியர் தேர்வு வாரியமோ டி.என்.பி.எஸ்.சி.யோ ஒரு பணிக்கு 'வேதியியல் பட்டம்' என்று கேட்டால், உன் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும்போது அது வேதியியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்ற கேள்வி வரும். தேர்வில் ஜெயித்து, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன இடத்தில் இந்த அரசாணையைத் தேடி அலைந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தொழில்துறை வேதியியல் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. மாணவர்களை நிஜமாகவே தொழிற்சாலைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுக்கிற கல்லூரி என்றால் நல்லதுதான். ஆனால் சேரும் முன்பே அந்த இணைத்தன்மை அரசாணையின் நகலைக் கையில் வாங்கிவிட வேண்டும்.

உயிர்வேதியியலுக்கு வருகிறேன். செல், நொதி, புரதம் என்று படிக்கும்போது உனக்கு நேரம் போவதே தெரியாது என்றால் அதை எடுக்கலாம். உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பி.எஸ்சி. வேதியியல் முடித்தவர்களைப் பல பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி. உயிர்வேதியியலில் சேர்த்துக்கொள்கின்றன. பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்துவிட்டு எம்.எஸ்சி. வேதியியலுக்குத் திரும்புவது கஷ்டம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் பட்டமும் பிஎச்.டி.யும் வாங்கியது இயற்பியலில். அதன் பிறகு உயிரியல் பக்கம் போய், செல்லுக்குள் புரதம் தயாரிக்கிற ரைபோசோம் பற்றிய ஆய்வுக்காக 2009இல் அவர் வாங்கியது வேதியியல் நோபல். அடிப்படை அறிவியல் ஒன்றை ஆழமாகப் படித்தவர்களுக்குப் பின்னால் பாதை மாற இடம் இருக்கிறது.

இப்போது கணிதப் பயம். இதைத்தான் நிதானமாகப் பேச வேண்டும்.

சேரும்போது அல்லைடு (துணைப்) பாடம் எது என்று கேட்பார்கள். இயற்பியலோடு கணிதம், அல்லது விலங்கியல், தாவரவியல் என்று கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நீ கணிதத்தையே எடு. சில ஐ.ஐ.டி.கள் எம்.எஸ்சி. வேதியியலுக்குக் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கின்றன (அந்தந்த வருடத் தகவல் கையேட்டில் பார்த்துக்கொள்). அது ஒரு பக்கம் இருக்கட்டும். கணிதம் உன் ஆய்வகத்துக்குள்ளேயே உன்னைத் தேடி வரும். எஸ்டர் நீராற்பகுப்பு என்று ஒரு சோதனை, பட்டப்படிப்பில் செய்வாய். மெத்தில் அசிட்டேட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் விட்டதும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை பிப்பெட்டில் 5 மில்லி எடுத்து ஐஸ் போட்ட தண்ணீரில் விட வேண்டும். அந்தக் குளிரில் வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். ஃபினால்ஃப்தலின் இரண்டு சொட்டு விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்து, மெல்லிய இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்துவாய். ஒவ்வொரு முறையும் பியூரெட்டில் முன்னைவிடக் கொஞ்சம் அதிகம் செலவாகியிருக்கும். எஸ்டர் உடைந்து அசிட்டிக் அமிலம் சேர்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். வினை முழுக்க முடிந்த பிறகு கடைசி ரீடிங். அதிலிருந்து மற்ற ரீடிங்குகளை ஒவ்வொன்றாகக் கழித்து, மடக்கை எடுத்து, நேரத்துக்கு எதிராக கிராஃப் போட்டால், புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் வந்து உட்காரும். கோட்டின் சாய்விலிருந்து வினைவேக மாறிலி கிடைக்கும்.

எஸ்டர் நீ விரும்புகிற ஆர்கானிக். வேகம் கண்டுபிடிப்பது பிசிக்கல். இடையில் உனக்குத் தேவைப்பட்ட கணிதம் மடக்கையும் சாய்வும் மட்டும்தான். பிறகு வெப்ப இயக்கவியலுக்கும் குவாண்டம் பாடத்துக்கும் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், கொஞ்சம் அணிகள் வேண்டியிருக்கும். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பரில் போட்டுவிடாதே. இந்த விடுமுறையில் அந்தப் பாடங்களின் கணக்குகளை மறுபடி போட்டுப் பார்.

சேரும் முன் ஒரு நாள் கல்லூரிக்குப் போய் ஆய்வகத்தை எட்டிப் பார். கட்டடத்தைப் பார்க்காதே, வாஷ்பேசினைப் பார். தினமும் புழங்குகிற ஆய்வகத்தில் அதில் கறை இருக்கும். இரண்டாம் வருடப் பிள்ளைகளிடம், "சால்ட் அனாலிசிஸ் தனித்தனியாகச் செய்தீர்களா, நாலு பேர் சேர்ந்து ஒன்றா?" என்று கேள். கேஸ் வருகிறதா, வாலைவடிநீர் தட்டில்லாமல் கிடைக்கிறதா என்றும் கேள். இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில் எந்தத் தரவரிசைப் பட்டியலைவிடவும் எனக்கு முக்கியம்.

நீ சிவகங்கை மாவட்டம் என்பதால் இதையும் சொல்கிறேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தார்கள். பேட்டரி, உலோக அரிப்பு, மின்முலாம் என்று அங்கே நடப்பதெல்லாம் வேதியியல்தான். அது சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பின் கீழ் வருகிறது. செப்டம்பர் 26 சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாளையொட்டி மாணவர்கள் பார்க்க அனுமதிப்பது வழக்கம். விசாரித்துவிட்டு மாமாவையும் கூட்டிக்கொண்டு போய் வா.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். எம்.எஸ்சி.யில் பகுப்பாய்வு வேதியியல் எடுத்தால் மருந்து கம்பெனியில் வேலை நிச்சயம் என்கிறார்கள். ரசாயனத்தோடு புழங்கினால் உடம்பு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை.
*– ஒரு தந்தை, கடலூர்*

பதில்: வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது, ஐயா. வாய்ப்பு அதிகம் என்பது உண்மை. மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஒவ்வொரு பேட்ச் மாத்திரையும் சோதனையில் தேறிய பிறகுதான் வெளியே போகும். மாத்திரையைப் பொடித்து, எடை போட்டு, கரைத்து, வடிகட்டி, கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் செலுத்துவார்கள். திரையில் மேடாக எழும் பீக்கின் பரப்பை, மருந்தின் அளவு தெரிந்த மாதிரியின் பீக்கோடு ஒப்பிட்டு, மருந்து எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். செய்த ஒவ்வொன்றையும் அந்த நிமிடமே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொறுமையும் நேர்மையும் உள்ள பிள்ளைக்கு ஏற்ற வேலை. ஷிப்ட் இருக்கும், அதை மகளோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உடம்பைப் பற்றிய கவலை நியாயமானது. கண்ணாடி, கையுறை, புகையை வெளியே இழுக்கும் ஃப்யூம் ஹுட் மூன்றும் இருந்து, அவற்றைத் தவறாமல் பயன்படுத்தினால் ஆபத்து மிகக் குறைவு. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஆய்வகத்தைக் காட்டச் சொல்லி மகளே கேட்கட்டும். காட்டத் தயங்குகிற இடம் வேண்டாம்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பி.எஸ்சி.யும் தமிழ் வழியில் படிக்கவா, ஆங்கிலத்துக்கு மாறவா?
*– ஒரு மாணவர், அரியலூர்*

பதில்: எங்கே போக நினைக்கிறாய் என்பதைப் பொறுத்தது, தம்பி. தமிழக அரசுப் பணி என்றால், தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. 2020இல் வந்த திருத்தத்தின்படி, பட்டம் கேட்கிற வேலைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். இடையில் மாறினால் அந்த உரிமை போய்விடும். பள்ளிச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்.

ஆராய்ச்சிக்குப் போக ஆசை என்றால், ஜாம் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். அதற்காகத் தமிழ் வழியை விட வேண்டியதில்லை. பாடத்தைத் தமிழில் புரிந்துகொள், அதே பாடத்தை அன்றைக்கே ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு முறை படி. வேதியியலில் சமன்பாடும் படமும் எந்த மொழியிலும் ஒன்றுதான், அதனால் நினைப்பதைவிடச் சீக்கிரம் பழகிவிடும். இரண்டாம் வருடத்திலிருந்து ஜாம் பழைய வினாத்தாள்களை எடுத்துப் போட்டுப் பார். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.