தியுதொனே என்ற பிரெஞ்சுப் பெயருக்கு என்ன பொருள்? பிரான்சில் நிறையப் பேருக்கு இந்தப் பெயர் உண்டா?

பிரித்துப் பார்த்தாலே பொருள் வந்துவிடும். 'தியு' என்றால் கடவுள், 'தொனே' என்றால் கொடுத்த. கடவுள் கொடுத்த பிள்ளை. லத்தீனில் அதேயொதாத்துஸ். புனித அகுஸ்தினாரின் மகனுக்கு இதுதான் பெயர்.

பாரிசில் ஓர் உணவகச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த, ஆப்பிரிக்காவின் புருண்டி நாட்டுக்காரர் ஒருவர் இந்தப் பெயரைச் சொல்லிக் கை கொடுத்தார். குடும்பப் பெயராக்கும் என்று நினைத்து, "சரி, உங்கள் பெயர்?" என்று மறுபடியும் கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டார். "எங்கள் ஊர்ச் சந்தையில் தியுதொனே என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள்" என்றார்.

பிரான்சில் அப்படி யாரும் திரும்ப மாட்டார்கள். அங்கே இது அரிதான பெயர். ஆனாலும் பேர்போன இரண்டு பேர் உண்டு. பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் கல்யாணம் 1615இல். வாரிசு பிறந்தது 1638இல். 23 வருடக் காத்திருப்பு! அந்தப் பிள்ளைக்கு லூயி தியுதொனே என்று பெயரிட்டார்கள். அவர்தான் பின்னால் பதினான்காம் லூயி. பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த குழந்தைக்குப் பிச்சை என்று நம்மூரில் பெயர் வைப்பார்களே, அரண்மனைக்குள்ளும் அதே தவிப்புதான். அப்புறம் விமானி தியுதொனே கோஸ்த். 1930இல் பாரிசிலிருந்து நியூயார்க்குக்கு நடுவில் எங்கும் இறங்காமல் பறந்தவர். அவருடைய விமானத்தின் பெயர் 'கேள்விக்குறி'!

இந்தப் பெயர் செழித்தது ஆப்பிரிக்காவில். கத்தோலிக்க மிஷன்கள் ஞானஸ்நானத்தோடு பிரெஞ்சுப் பெயர்களையும் கொண்டுபோயின. புருண்டி, ருவாண்டா பக்கம் பிள்ளையின் பெயரிலேயே கடவுளைச் சேர்ப்பது ஏற்கெனவே வழக்கம். அவர்கள் மொழியில் கடவுள் 'இமானா'. ஹபிமானா என்றால் 'கடவுள் இருக்கிறார்'. அந்த மண்ணில் தியுதொனே சட்டென்று வேர் பிடித்ததில் வியப்பில்லை. பக்கத்து ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) அதிபர் மொபுட்டு 1972இல் கிறிஸ்தவப் பெயர்களுக்கே தடை போட்டார். தன் பெயரிலிருந்த ஜோசப் தெசிரேயையும் உதறினார். தடை தளர்ந்ததும் பழைய பெயர்கள் திரும்பிவிட்டன.

இன்றைக்குப் பாரிசில் இந்தப் பெயரைச் சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் இதே பெயரில் மேடையேறும் நகைச்சுவையாளர் ஒருவர்தான். யூத வெறுப்புப் பேச்சுக்காகப் பலமுறை நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர். தேவதத்தன் என்றாலும் 'கடவுள் கொடுத்தவன்' என்றுதான் பொருள். ஆனால் பௌத்தக் கதைகளைப் படித்தவருக்குப் புத்தரைக் கொல்லப் பார்த்தவன்தானே ஞாபகத்துக்கு வருகிறான்? அதுபோலத்தான்.

எங்கள் புருண்டிக்காரரும் யோசித்து ஒரு வழி வைத்திருந்தார். புதியவர்களிடம் 'தெயோ' என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வார். பிரான்சில் தடுக்கி விழுந்தால் ஒரு தெயோ இருப்பான். யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். அந்தப் பெயர் தெயோதோரின் சுருக்கம். தெயோதோர் என்றால் கிரேக்கத்தில் கடவுளின் கொடை.