அலையின் வேகம் தெரிந்தால் போதுமா?

கேள்வி: அடர்த்தியும் விறைப்புக் குணகமும் (பொருள் பக்கவாட்டில் உருமாறுவதை எதிர்க்கும் அளவு) தெரிந்தால், நிலநடுக்கத்தின்போது மண்ணிலும் பாறையிலும் பரவும் குறுக்கலையின் (செல்லும் திசைக்குக் குறுக்காகத் துகள்களை அசைக்கும் அலை) வேகம் கிடைத்துவிடுகிறது. தூரத்தை அந்த வேகத்தால் வகுத்தால் அலை வந்துசேரும் நேரமும் தெரிந்துவிடும். பிறகு கணினிக் கணக்கீடு எதற்கு?

பதில்: வந்துசேரும் நேரம் மட்டும் வேண்டுமென்றால் உங்கள் வகுத்தலே போதும். அலை எவ்வளவு வலுவோடு வருகிறது, வந்தபின் எவ்வளவு நேரம் அங்கேயே சுழல்கிறது என்பவற்றை அது சொல்லாது.

கன மீட்டருக்கு 1,800 கிலோ அடர்த்தியும் 18 மெகாபாஸ்கல் விறைப்பும் உள்ள களிமண்ணை எடுத்துக்கொள்வோம். விறைப்பை அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் கண்டால் வினாடிக்கு 100 மீட்டர். அதன் அடியில் அடர்த்தி 2,700, அலைவேகம் 3,000 மீட்டர் கொண்ட பாறை இருக்கட்டும். அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கி வரும் எண் பாறைக்குக் களிமண்ணைப்போல் 45 மடங்கு. எனவே பாறையிலிருந்து செங்குத்தாக மேலேறும் அலை எல்லையைக் கடக்கும்போது துகள்கள் அசையும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தரைப்பரப்பில் பட்டுத் திரும்பி வரும் அலையின் வீச்சில் சுமார் 96 விழுக்காடு அதே எல்லையில் மீண்டும் மேல்நோக்கி எதிரொலிக்கிறது. களிமண் 50 மீட்டர் தடிமனானால், தடிமனின் 4 மடங்கை வேகத்தால் வகுக்க, அதன் இயல்பு அலைவுக்காலம் 2 வினாடி. 1985ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 350 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த மெக்சிகோ நகரின் பழைய ஏரிப்படுகை ஆடியதும் ஏறத்தாழ இந்தக் காலத்தில்தான்.

நிலம் ஒரே தடிமனில் அடுக்கடுக்காக இருந்தால் இதுவரை காகிதத்திலேயே முடியும். சரிவும் பிளவும் வந்தால் நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். வினாடிக்கு 10 அதிர்வுகள் கொண்ட அலையின் நீளம் இந்தக் களிமண்ணில் 10 மீட்டர். ஓர் அலைநீளத்துக்குப் பத்துக் கட்டங்களாவது தேவைப்படுவதால் கட்டத்தின் அளவு 1 மீட்டர். களிமண் நீரில் ஊறியிருந்தால் நெட்டலை (செல்லும் திசையிலேயே துகள்களை அசைக்கும் அலை) வினாடிக்கு சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு நேரப்படியின் விடையிலிருந்து அடுத்ததை நேரடியாகக் காணும் எளிய முன்னோக்குக் கணக்கில் ஒவ்வொரு நேரப்படியும் அது ஒரு கட்டத்தைத் தாண்டாதபடி 1/1,500 வினாடிக்குள் அடங்க வேண்டும். (குறுக்கலையைக் கருதியே கட்டம் அமைத்தவர்கள் இதில் அடிக்கடி சறுக்குவார்கள்.) மாதிரியின் விளிம்பில் அலை பொய்யாக எதிரொலிக்காமல் இருக்க, லைஸ்மரும் குலமேயரும் 1969இல் முன்வைத்த அலையுறிஞ்சும் எல்லை இன்றும் பயன்படுகிறது.

உங்கள் கேள்வியின் அடிப்படையும் சற்று ஆட்டங்காண்கிறது. வலுவான அதிர்வில் திரிபு (மண் உருமாறும் அளவு) கூடும்போது மண்ணின் விறைப்பு குறைகிறது, வேகம் 100 மீட்டராக நிற்பதில்லை. ஆகவே ஒரு விறைப்பைக் கொண்டு கணக்கிட்டு, கிடைத்த திரிபுக்கேற்ப அதைத் திருத்தி, விடை மாறாமல் நிலைக்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறார்கள்.