கரைமேல் பதில்கள்: கலங்கிய கசிவும் தெளிந்த கசிவும்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் நிறமே மாறிவிடும். கோடையில் கிணறு, போர், மோட்டார் என்று கேட்டவர்கள் இப்போது கரை, கலங்கல் (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழிந்து போகும் இடம்), கசிவு என்று கேட்கிறார்கள். பொதுப்பணித்துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஏரிக்கரைகளில் நடந்தே செருப்பு தேய்த்தவன் என்பதால், இந்த முறை முழுவதும் மண்கரைக் கேள்விகளுக்கே பதில்.

கேள்வி: எங்கள் ஊருக்கு மேற்கே ஓடையை மறித்து ஒரு சின்ன மண் அணை இருக்கிறது. உயரம் 12 அடி இருக்கும். மழை வெள்ளம் ஒரேயடியாக ஊருக்குள் பாயாமல் இருக்கக் கட்டியது. இரண்டு வாரமாக மதகுக்குப் பக்கத்தில் கரையின் வெளிப்புறம் தண்ணீர் கசிகிறது. 'எந்த ஏரிதான் கசியவில்லை' என்கிறார் ஒருவர். 'ஊரைக் காலி செய்யுங்கள்' என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது?
(வாசகி, உத்திரமேரூர் பக்கம்)

பதில்: இரண்டு பேரையும் விடுங்கள், ஒரு கண்ணாடி பாட்டிலை நம்புங்கள். கசிவுத் தண்ணீரை அதில் பிடித்து, அசைக்காமல் ஒரு மணி நேரம் ஜன்னலோரம் வையுங்கள். அடியில் மண் படியாமல் தெளிவாக இருந்தால் முதல் ஆள் சொன்னதில் பாதி சரி. மண்கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அடியில் வண்டல் படிந்தாலோ, நேற்றைவிட இன்று கசிவு கூடியிருந்தாலோ இரண்டாவது ஆள் பேச்சைக் கேட்க வேண்டிய நேரம். கலங்கிய கசிவு என்றால் தண்ணீரோடு கரையும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெளிச்சரிவில் கொஞ்சம் மண் போகும், பிறகு அதற்குப் பின்னால் உள்ளது போகும். துளை அப்படியே தண்ணீர் இருக்கும் பக்கம் நோக்கி எலி வளை மாதிரி நீளும். அது உள்ளே தண்ணீரைத் தொட்டுவிட்டால் மிச்சக் கதை சில மணி நேரம்தான்.

நீங்கள் 'மதகுக்குப் பக்கத்தில்' என்று எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை. கட்டுமானத்தை ஒட்டிய மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு இறுக்க முடியாது. கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே நூல் போல ஒரு வழி கிடைத்தாலே தண்ணீருக்குப் போதும்.

சரி, என்ன செய்வது? வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்ததை மட்டும் செய்யாதீர்கள். அச்சிறுபாக்கம் பக்கம் ஒரு சிற்றேரி. கசிவைப் பார்த்ததும் எனக்குப் படபடப்பு. நாலு ஆட்களைக் கூப்பிட்டு, களிமண்ணை உருட்டி வெளியிலிருந்து துளையை அடைத்தேன். கசிவு நின்றது. வெற்றிலை பாக்கு போடாத குறையாக நிமிர்ந்து நின்றேன். அரை மணி நேரத்தில் பத்தடி தள்ளி இரண்டு இடத்தில் கொப்பளித்துக்கொண்டு வந்தது, அதுவும் கலங்கிய தண்ணீராக. எங்கள் லஸ்கர் (மதகையும் கரையையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்) வயதானவர். அதுவரை பேசாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தவர் அப்புறம்தான் வாயைத் திறந்தார்: "தண்ணியை விடுங்க சார், மண்ணைப் பிடிங்க." களிமண்ணைத் தோண்டி எடுக்கச் சொல்லி, கசிந்த இடத்தில் முதலில் பெருமணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி என்று பரப்பி, சுற்றிலும் வட்டமாக மணல் மூட்டை அடுக்கினார். தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் பொழுது விடிவதற்குள் தெளிந்துவிட்டது. காப்பிக் கடை வடிகட்டியும் இந்த வேலையைத்தான் செய்கிறது. கல்லூரியில் இதை எனக்குப் படமாக வரைந்தே காட்டியிருந்தார்கள். அவர் படிக்காமலே கற்றிருந்தார்.

இன்னொன்று. பயத்தில் மதகை முழுக்கத் திறந்து ஒரே நாளில் தண்ணீரை வடித்துவிடாதீர்கள். ஊறிக் கிடக்கும் உள்சரிவைத் தாங்கிக்கொண்டிருப்பதே அந்தத் தண்ணீர்தான். அது சட்டென்று இறங்கினால் சரிவு அப்படியே வழுக்கி விழும். கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள், இரவில் இரண்டு பேர் டார்ச்சோடு நடக்கட்டும். 1986 ஏப்ரல் 20 அன்று இலங்கையில் கந்தளாய்க் குளத்தின் கரை உடைந்தது அதிகாலை இருட்டில். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

கேள்வி: இதே மாதிரி அணை எங்கள் ஊரிலும் உண்டு. வருஷத்தில் பத்து மாதம் காலியாகக் கிடக்கிறது. அடியில் உள்ள குழாயை அடைத்துத் தண்ணீர் தேக்கினால் மீனாவது வளர்க்கலாமே?
(வாசகர், செங்கம்)

பதில்: காலியாகக் கிடப்பதுதான் அதன் வேலை. வெள்ளத்தடுப்பு அணை நெல் கொட்டி வைக்கும் குதிர் அல்ல, கல்யாண வீட்டு வெற்றுப் பந்தி. சாப்பிட வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். மழை கொட்டும் இரண்டு மணி நேரத்தில் வரும் தண்ணீரை வாங்கி வைத்து, அடியில் உள்ள குழாய் வழியாக இரண்டு மூன்று நாளில் மெல்ல விடுவதுதான் கணக்கு. குழாயை அடைத்து முன்கூட்டியே நிரப்பினால் வெள்ளம் வரும் அன்று இடம் இருக்காது.

இந்த வகைச் சிறு மண் அணைகளை அள்ளித் தெளித்த நாடு அமெரிக்கா. முதலாவது 1948-இல் ஓக்லஹோமாவில் கிளவுட் கிரீக் என்ற ஓடையில் முடிந்தது. இன்று 11,000-க்கு மேல் இருக்கின்றன. பலவற்றுக்கும் 50 வருஷ ஆயுள் என்று கணக்குப் போட்டுக் கட்டினார்கள். அவர்கள் எதிர்பாராத விஷயம் ஒன்று நடந்தது. கட்டும்போது கரைக்குக் கீழே வெறும் மாட்டுப் பண்ணை. அம்பது வருஷத்தில் அங்கே வீடும் சாலையும் வந்துவிட்டன. அணையில் ஒரு கைப்பிடி மண்கூட மாறவில்லை. ஆனாலும் அது ஆபத்து அதிகமுள்ள பட்டியலுக்குப் போய்விட்டது. உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்தப் பட்டியல் போடுகிறார்கள். நம் ஊரிலும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: கலங்கல் மேல் ஒரு வரிசை மணல் மூட்டை அடுக்கினால் கூடுதலாக ஒரு போகத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. விவசாயிகள் செய்வதைத் தவறு என்பீர்களா?
(வாசகர், மதுராந்தகம்)

பதில்: என்று அடுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பழைய கலங்கல்கள் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் கற்களுக்கு நடுவே புல்கட்டியும் களிமண்ணும் வைத்து அரை அடி, ஒரு அடி கூடுதலாகத் தேக்கவே அவை. அடுத்த மழைக்கு முன் எடுத்துவிடுவார்கள். இப்போது கார்த்திகையிலேயே மூட்டை அடுக்குகிறீர்கள், அதுதான் வம்பு.

கணக்கு சொல்கிறேன். கலங்கல் நீளம் 100 அடி, கரை உச்சி கலங்கலைவிட 3 அடி உயரம் என்று வையுங்கள். தண்ணீர் கரை உச்சியைத் தொடும் நேரத்தில் விநாடிக்குச் சுமார் 1,600 கன அடி கலங்கல் வழியாக ஓடும். ஒரு அடி மூட்டை அடுக்கினால் அதே நேரத்தில் ஓடுவது சுமார் 870 கன அடி. குறைத்தது ஒரு அடி, போனது கிட்டத்தட்ட பாதி. மிச்சம் எங்கே போகும்? கரை மேலேறித்தான். மண்கரையின் மேல் தண்ணீர் வழிந்தால் கற்கரை மாதிரி தாங்காது, வெளிச்சரிவை அரித்துப் பிளந்துவிடும். ஆந்திராவில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணையில் 2021 நவம்பரில் மண்கரைப் பகுதி போனது இப்படித்தான்.

உங்கள் ஊர் ஏரிகாத்த ராமர் கதை தெரியாதவர் இல்லை. மழையிரவில் கரையைப் பார்க்கப் போன கலெக்டர் லயனல் பிளேஸ், வில்லேந்திய இரண்டு பேர் கரையைக் காப்பதைக் கண்டதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் பிடித்தது கலெக்டரே அந்த மழையில் கரைக்குப் போனார் என்பது. ராமரை நம்பி மூட்டை அடுக்காதீர்கள்.

கேள்வி: நண்டு ஒரு அணையை உடைக்குமா?
(மாணவர், நாகர்கோவில்)

பதில்: 2019 ஜூலையில் மகாராஷ்டிராவின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறிய மண் அணை உடைந்தபோது ஒரு அமைச்சர் நண்டுகளைக் குற்றம் சொன்னார். நண்டுகளைக் கைது செய்யச் சொல்லி எதிர்க்கட்சிக்காரர்கள் காவல் நிலையத்துக்கே நண்டு கொண்டுபோனார்கள். நண்டு வளை, எலி வளை, கறையான் புற்று எல்லாமே கசிவுக்கு வழி காட்டும், உண்மைதான். ஆனால் நண்டு ஒரே ராத்திரியில் வளை தோண்டுவதில்லை. தோண்டுகிற காலமெல்லாம் மனுஷன் ஒருவன் கரையில் நடந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அங்கே கசிவைப் பற்றி ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள்.

கேள்வி: கரையில் மரம் நடலாமா?
(வாசகி, செய்யாறு)

பதில்: பனை என்றால், வெளிப்புற அடிவாரத்தில் நடுங்கள். சல்லி வேர், மண்ணைப் பிடிக்கும். ஆல், அரசு, சீமைக்கருவேலம் வேண்டாம். வேர் கரைக்குள் ஓடும், மரம் செத்ததும் வேர் மக்கி அந்த இடம் குழாயாகிவிடும். ஏற்கெனவே பெரிய மரம் இருந்தால் மழைக்காலத்தில் பொக்லைன் வைத்துப் பிடுங்காதீர்கள். கோடையில் தூரோடு எடுத்து, குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் சிற்றணைக்கு யார் பொறுப்பு? ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுகிறார்கள்.
(வாசகர், போளூர்)

பதில்: ஏரி என்றால் ஆயக்கட்டு (அதில் பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடு சேரும். உங்களுடையது அதில் வராது. எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். கசிவின் படத்தைத் தேதியோடு எடுத்து வையுங்கள். ராத்திரி அவசரம் என்றால் மாவட்டப் பேரிடர் எண் 1077.

கேள்வி: ஏரிக்கரையை ஒட்டிக் கீழே மனை வருகிறது. விலை குறைவு, காற்று நன்றாக வருகிறது. வாங்கலாமா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: பட்டா இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். கிராம அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு புல எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் பதிவேடு) புல வரைபடத்தையும் வாங்கி, கலங்கலிலிருந்து கிளம்பும் வாய்க்கால் எந்தப் புல எண் வழியாகப் போகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். பிறகு மனையிலிருந்து அந்த வாய்க்காலைத் தேடி நடந்து போங்கள். வரைபடத்தில் 40 அடி அகலத்தில் இருப்பது நேரில் நாலு அடிச் சாக்கடையாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நான் வீடு கட்டியது எங்கள் ஊர் ஏரிக்கரைக்கு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, மேட்டில். காற்றே வராது. ஒவ்வொரு சித்திரையிலும் என் மனைவி அதைச் சொல்லிக் காட்டாமல் விடுவதில்லை.