2016 அமெரிக்கத் தேர்தலை ரஷ்யா 'ஹேக்' செய்ததாக சி.ஐ.ஏ.வும் ஊடகங்களும் சொன்னதை நம்பலாமா?

'தேர்தல் ஹேக் செய்யப்பட்டது' என்பது மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்தான் என்பது போலத்தான். எந்தத் தாத்தா, எந்தக் குட்டை என்று முதலில் கேட்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று குற்றச்சாட்டுகள் கலந்து கிடந்தன. ஜனநாயகக் கட்சியினரின் மின்னஞ்சல்கள் திருடப்பட்டன என்பது ஒன்று; அதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. மாநிலங்களின் வாக்காளர் பதிவுக் கணினிகளைக் குடைந்தார்கள் என்பது இன்னொன்று. அதுவும் ஓரளவு நடந்தது. வாக்கு எண்ணிக்கையையே மாற்றினார்கள் என்பது மூன்றாவது. அதற்குச் சான்று கிடைக்கவில்லை. உளவு நிறுவனங்களும் அப்படிச் சொல்லவில்லை.

மின்னஞ்சல் திருட்டு விஷயத்தில் சி.ஐ.ஏ.வை நம்பித்தான் ஆக வேண்டும் என்றில்லை. 2016 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டனின் பிரசாரக் குழுத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் எச்சரிக்கை போல ஒரு அஞ்சல் வந்தது. அதில் 'கடவுச்சொல்லை மாற்றுங்கள்' என்ற பொத்தானுக்குப் பின்னால் இருந்தது, நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் பிட்லி சேவையின் இணைப்பு. அது போய் நின்ற இடம் போலி கூகுள் பக்கம். பொறி வைத்தவர்கள் தங்கள் பிட்லி கணக்கை மறைத்து வைக்க மறந்துவிட்டார்கள். அதனால் செக்யூர்வொர்க்ஸ் என்ற தனியார் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அதே கணக்கிலிருந்து உருவான ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு இணைப்பின் நீண்ட வடிவத்திலும் குறிவைக்கப்பட்டவரின் முகவரி குறியீடாக ஒளிந்திருந்தது. ரஷ்யாவின் அண்டை நாட்டு அதிகாரிகள், அந்நாட்டைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர்கள், அமெரிக்க ராணுவத்தினர் என்று நீண்ட அந்தப் பட்டியலே யாருடைய கைவேலை என்று காட்டிவிடுகிறது.

2018 ஜூலை 13-ல் அமெரிக்க நீதித் துறை வெளியிட்ட குற்றப்பத்திரிகை ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவான ஜி.ஆர்.யு.வின் 12 அதிகாரிகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2016 ஜூன் 15 மாலை, மாஸ்கோ நேரம் 4.19 முதல் 4.56 வரை, அங்குள்ள ஒரு சர்வரிலிருந்து சில ஆங்கிலச் சொற்றொடர்களைத் தேடியிருக்கிறார்கள். இரவு 7.02-க்கு, திருட்டுக்குப் பொறுப்பேற்று, தன்னை ருமேனிய ஹேக்கர் என்று சொல்லிக்கொண்ட 'குச்சிஃபர் 2.0' வெளியிட்ட முதல் பதிவில் அதே சொற்றொடர்கள் இருந்தன. இது நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு வராத சான்று என்பது உண்மை. ஜனநாயகக் கட்சியின் சர்வரை எஃப்.பி.ஐ. நேரடியாகக் கைப்பற்றவில்லை, கட்சி அமர்த்திய கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் எடுத்துக் கொடுத்த நகலைத்தான் வாங்கியது என்பதும் நியாயமான குறைதான். ஆனால் தடயவியலில் முழு நகலை வைத்து ஆராய்வது வழக்கமான முறை. 'சர்வரே இல்லை, அதனால் எல்லாம் பொய்' என்ற வாதம் அதோடு நொறுங்கிவிடுகிறது.

வாக்காளர் பதிவில் பெரிய சேதம் இல்லினாய் மாநிலத்தில். இணையதளப் படிவத்தில் தரவுத்தளக் கட்டளையைத் தட்டி உள்ளே போகும் பழைய உத்திதான். சுமார் 5 லட்சம் வாக்காளர்களின் விவரங்கள் திருடு போனதாகக் குற்றப்பத்திரிகை சொல்கிறது. வாக்கு மாறியதற்குச் சான்று எதையும் காணவில்லை என்று செனட் உளவுக் குழு இரு கட்சியினரும் சேர்ந்தே எழுதியது. ஒரு நுணுக்கம்: பென்சில்வேனியா மாநிலத்தின் பல கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகளில்) அன்று காகிதச் சான்று இல்லாத இயந்திரங்கள்தான். அங்கே மறு எண்ணிக்கைக்கு எடுத்துப் பார்க்கக் காகிதமே கிடையாது.

அப்படியானால் நம்பிக்கை ஏன் போனது? உளவு நிறுவனங்கள் இந்தத் தலையீட்டைப் பற்றி வெளியிட்ட 2017 ஜனவரி 6 அறிக்கையின் பொது வடிவம் முடிவுகளைச் சொன்னது, ஆதாரங்களைக் காட்டவில்லை. சான்று தேடிப் புரட்டியவருக்குக் கிடைத்தது ரஷ்ய அரசின் ஆர்டி தொலைக்காட்சியைப் பற்றி 2012-ல் எழுதிய பிற்சேர்க்கை! அதற்கு ஒரு வாரம் முன்பு வெளியான தொழில்நுட்ப அறிக்கை இன்னும் மோசம். ரஷ்யர்கள் பயன்படுத்தியவை என்று அதிலிருந்த ஐ.பி. முகவரிகளில் (இணையத்தில் கணினிகளின் எண்கள்) பல, அடையாளத்தை மறைக்க யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் டோர் வலையின் வெளிவாசல்கள். வினை உடனே வந்தது. வெர்மான்ட் மாநில மின் நிறுவனம் ஒன்றின் மடிக்கணினி, அந்தச் சந்தேகப் பட்டியலில் இருந்த முகவரியோடு தொடர்புகொண்டது. 'மின்கட்டமைப்புக்குள் ரஷ்யர்கள்' என்று வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. அந்தக் கணினி மின்கட்டமைப்போடு இணைக்கப்படவே இல்லை. செய்தியைத் திருத்தினார்கள், ஆனால் தலைப்பு அதற்குள் ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

'17 உளவு நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன' என்பதும் அப்படித்தான். மதிப்பீட்டின் பின்னால் இருந்தவை நான்கு: தேசிய உளவு இயக்குநர் அலுவலகம், சி.ஐ.ஏ., எஃப்.பி.ஐ., மின்னணுத் தகவல்தொடர்பை ஒட்டுக்கேட்கும் என்.எஸ்.ஏ. '17' என்று எழுதிய நியூயார்க் டைம்ஸ் திருத்தம் போட்டது 2017 ஜூன் கடைசியில். டிரம்ப் வெல்ல புதின் உதவ விரும்பினார் என்ற முடிவுக்கு சி.ஐ.ஏ.வும் எஃப்.பி.ஐ.யும் 'உயர்' உறுதி கொடுத்தன, என்.எஸ்.ஏ. கொடுத்தது 'மிதமான' உறுதி. இந்த வேறுபாட்டை அறிக்கையே வெளிப்படையாக எழுதியிருக்க, பல செய்திகள் விழுங்கிவிட்டன. 2002-ல் இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்ன உளவு மதிப்பீட்டிலும் இதே கதைதான். இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் அணுகுண்டுக்கானவை அல்ல என்ற அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாற்றுக் கருத்து மதிப்பீட்டிலேயே இருந்தது, பொதுவெளியில் காணாமல் போனது.

ஆகவே நிறுவனத்தின் பெயரைப் பார்த்து நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். 'ஹேக்' என்று வரும் இடத்தில் எதை என்று கேளுங்கள். எந்த நிறுவனம், எந்த அளவு உறுதியோடு சொல்கிறது, மாற்றுக் கருத்து அடிக்குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 'பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி' மட்டும் சொல்லும் செய்திக்கு இரண்டு நாள் அவகாசம் கொடுங்கள். நேரம் குறைவென்றால் 2017 அறிக்கையை விட்டுவிட்டு 2018 குற்றப்பத்திரிகையைப் படியுங்கள். தேதியும் நேரமும் சர்வர் இருந்த ஊரும் அதில்தான் இருக்கின்றன.